கழிவு

தியத்தலாவை முகாமிலிருந்து வந்த ஜீப்
கொழுந்து மடுவத்துக்கு முன்னால் நின்றபோது
பகல் நிறுவை பாதியில் இருந்தது.
தராசு வேண்டுமாம். அவர்களுடையது
அப்புத்தளை ஏற்றத்தில் எங்கோ பழுதாகிவிட்டதாம்.
லெப்டினன்ட் விதானகே உடைந்த தமிழில் கேட்டார்,
நான் உடையாத சிங்களத்தில் பதில் சொன்னேன்.

முதலில் பழைய சுமை:
வயர்லெஸ்ஸுக்கு, இருட்டில் பார்க்கும் கண்ணாடிக்கு,
வழி சொல்லும் கருவிக்கு
மூன்று நாள் ரோந்துக்கான பேட்டரிகள்.
ஒரு பையனின் முதுகில் போவது.
கொக்கியில் மாட்டினேன். பத்து கிலோ நானூறு.
முள் அசைந்து நின்றதும்
பன்னிரண்டு வருடம் பழகிய கை
என்னைக் கேட்காமலே எட்டு நானூறு என்று எழுதிவிட்டது.

கோப்ரல் எட்டிப் பார்த்தான்:
"மற்ற ரெண்டு கிலோ?"
கழிவு என்றேன். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
"பேட்டரிக்கு ஏது ஈரம்?"

வரிசையில் நின்ற மருதாயி சிரித்தாள்.
பதினெட்டு வருடமாக
அவள் வாய்க்குள் வைத்திருந்த கேள்வி.
துவக்குப் பிடித்தவன் கேட்டால்
எவ்வளவு லேசாக வெளியே வருகிறது.

பிறகு புதியது.
சோற்றுப் பார்சல் அளவில் சாம்பல் நிறப் பெட்டி,
கூடவே மெத்தனால் போத்தல் நான்கு.
எரிபொருள் கலம் என்றார் விதானகே.
எரிக்கும், ஆனால் நெருப்பில்லை.
வெயில் வேண்டாம், ப்ளக் வேண்டாம்,
போத்தலை மாற்றினால் போதும், கரண்ட் நிற்காது.
மூன்று கிலோ அறுநூறு.
இம்முறை கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஓடவிட்டும் காட்டினார்.
மூடிய வாய்க்குள் முனகுவதுபோல் ஒரு சத்தம்.
பக்கத்துக் குழாயின் நுனியில்
குளிருக்கு ஆவி திரண்டு ஒரு துளி.
"இதுக்கு கழிவு இதுதான். தண்ணி."
மருதாயி கறை படிந்த விரலை நீட்டித் தொட்டாள்.
வெதுவெதுன்னு இருக்கு என்றாள்.
"எங்க கணக்குலயும் தண்ணிதானே கழிவு."
நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஓர் இரவு
அவர்கள் எங்கள் லயத்துக்கு வந்தார்கள்.
காம்பரா காம்பராவாக, முகம் முகமாக டோர்ச் வெளிச்சம்.
ஆறாவதில் அது மஞ்சளாகிவிட்டது.
ஏழாவது வாசலில் ஒருவன்
டோர்ச்சை உள்ளங்கையில் தட்டினான், இரண்டு முறை.
பிறகு பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது.
எட்டாவது எங்களுடையது.
விறகுக்குப் பின்னால் இருந்த அண்ணன்
இன்று அவிசாவளையில் பேக்கரி வைத்திருக்கிறான்,
தீர்ந்துபோன ஒரு பேட்டரியின் தயவில்.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில்
கீழ் டிவிஷன் சரிந்தபோது
கையால் மண் தோண்டியவர்களும்
இந்தக் கோப்ரல் வயதுப் பையன்கள்தான்.
இரண்டாம் இரவு விளக்குகள் செத்தன,
வயர்லெஸ் செத்தது.
விடியும்வரை சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.
உள்ளே மருதாயியின் மருமகள்
எதையோ வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.
விடிந்தபோது தட்டவில்லை.

அந்தப் பெட்டியைத் தூக்கி
விதானகேயிடம் திருப்பிக் கொடுக்கும்போது
எந்த இரவை நினைக்க வேண்டும் என்று
எனக்குத் தெரியவில்லை.
லேசாகத்தான் இருந்தது.

மருதாயியின் சாக்கு: இருபத்தொன்று.
கோப்ரல் பக்கத்திலேயே நின்றான்.
இருபத்தொன்று என்றே எழுதினேன்.
அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
படங்கை உதறிக் கட்டிக்கொண்டு போனாள்.

ஜீப் வளைவில் இறங்கும் சத்தம் கேட்டது.
அடுத்தது செவனம்மா.
பத்தொன்பது முந்நூறு.
பதினேழு முந்நூறு என்று எழுதினேன்.

தராசுக்குக் கீழே சிமெந்தில்
அந்தப் பெட்டி விட்டுப்போன ஈரம்,
ஒரு ரூபாய்க் குற்றி அளவில்,
இன்னும் காயவில்லை.